மணிக்கட்டுப் பலகை

1. உத்தரவு வந்த காலை

மலாயாவில் கோலா கெத்திலுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெஸராக இருந்தேன். டிரெஸர் என்றால் என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். டாக்டர் மாதம் ஒரு தடவை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பது, பிரசவம் பார்ப்பது, செத்தவன் எதனால் செத்தான் என்று எழுதுவது எல்லாமே டிரெஸர்தான். தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் என்போம், அந்த லயத்து ஜனங்களுக்கு நான் டிரெஸரையா. இப்போது கிளினிக்கில் சேரும் இளம் உதவியாளர்கள் ஜப்பான்காலத்துக் கதை கேட்டால் என்னிடம் வீரத்தை எதிர்பார்க்கிறார்கள். அது என்னிடம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் அது. வெள்ளைக்காரத் தொரை முதல் குண்டுச் சத்தத்திலேயே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போகும்போது நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கச் சொன்னார். எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெண்டாங் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளைந்தாலும் எங்கள் லயத்துக்கு வந்தது மரவள்ளிக்கிழங்குதான். ரப்பர் பால் வெட்டு பாதி நின்றுபோயிருந்தது. மரம் சும்மா நின்றது, ஆளும் சும்மா நின்றான், வயிறு மட்டும் சும்மா இருக்கவில்லை.

அந்தக் காலையில் ஒரு ராணுவ லாரி நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. இறங்கியவன் நாற்பது வயது மதிக்கத்தக்க அதிகாரி. சுத்தமான சட்டை, மூக்குக்கண்ணாடி. உடைந்த மலாயில் பேசினான். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று மாத வேலையாம். இதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண்ணில் பட்டவனையெல்லாம் ஏற்றி அனுப்பியதில் பல பேர் போய்ச் சேரும் முன்பே செத்துப்போனார்களாம். அதற்காக அவனுக்கு மேலிடத்தில் திட்டு விழுந்திருக்கிறது. செத்தவர்களுக்காக அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. திட்டுக்காகத்தான் வருத்தப்பட்டான்.

“இந்தத் தடவை குவாட் உள்ளவன் மட்டும்தான்” என்றான். குவாட் என்றால் மலாயில் பலம். “நீ சோதித்துக் காட்டு. நான் பார்த்து எடுத்துக்கொள்கிறேன். நாலு நாள் கழித்து வருவேன்.”

அவன் பக்கத்தில் மண்டோர் சின்னப்பன் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். வேலைக்காட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவன். தொரை இருந்தபோது தொரைக்குத் தலையாட்டினான். ஆள் மாறியதில் அவன் கழுத்துக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

“எல்லாம் நல்ல ஆளுங்கதான் லா, டிரெஸரையா” என்று என்னிடம் சொன்னான். “வீராசாமி ஒருத்தனே நாலு பேருக்குச் சமம்.”

2. சதை வேலை செய்யும் விதம்

இங்கே கொஞ்சம் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் பின்னால் நடந்தது புரியாது.

சதைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. நாம் எதையாவது தள்ளும்போதுகூட உள்ளே எங்கோ ஒரு சதை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டாவது, விரலை மடக்கும் பெரிய சதைகள் விரலில் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே முன்னங்கையில் கிடக்கின்றன. அங்கிருந்து கயிறு கயிறாகத் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிவரை போகின்றன. ஓரிடத்தில் நின்று நீளக் கயிற்றால் தூரத்துக் கதவை இழுத்துச் சாத்துவதுபோலத்தான் நாம் விரலை மடக்குகிறோம்.

இப்போது உங்கள் முஷ்டியை இறுக்கமாக மடக்குங்கள். மடக்கியபடியே மணிக்கட்டை உள்பக்கமாக, முன்னங்கையை நோக்கி முடிந்தமட்டும் வளையுங்கள். பிடி தளர்கிறதா? எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் தளரும். மணிக்கட்டு உள்ளே வளைந்ததுமே அந்தச் சதை குறுகிவிடுகிறது. குறுகிப்போனதற்கு மேலும் இழுக்க இடமில்லை.

இது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. வெகுநாள் கழித்து என் மகளின் பாடப்புத்தகத்தில் படித்தேன். சதையின் ஒவ்வொரு நாருக்குள்ளும் இரண்டு வகை நுண்ணிய இழைகள், இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றனவாம். ஒன்றையொன்று பற்றிச் சறுக்குவதுதான் இழுப்பு. கோப்பு சரியான அளவில் இருந்தால் பலம் அதிகம். அளவுக்கு மீறி விலகினால் பற்ற இடமில்லை. அளவுக்கு மீறி நெருங்கினால் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒரே சதைதான், ஒரே ஆள்தான். நீளம் மாறினால் பலம் மாறிவிடும்.

காரணம் தெரியாவிட்டாலும் காரியம் தெரியும். பயிற்சிக்கு நகர ஆஸ்பத்திரியில் இருந்தபோது, காய்ச்சல் வேகத்தில் ஒரு நோயாளி கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டான். இரண்டு ஆள் சேர்ந்து விரலைப் பிரிக்கப் பார்த்தும் முடியவில்லை. வார்டு ஆள் ஒருவன் வந்து அவன் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினான். கத்தரிக்கோல் தானாகக் கீழே விழுந்தது. அன்றிலிருந்து குடிகாரன் கையிலிருந்து பால்வெட்டும் கத்தியை வாங்க நானும் அதைத்தான் செய்துவந்தேன்.

3. பலகை

அதிகாரி போனபிறகு இரண்டு நாள் யோசித்தேன். அந்த ஆளுக்கு எண்ணும் அளவும் பிடிக்கும் என்று அவன் மருந்து அலமாரியைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அதனால் அளவாகவே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் கைப்பட்டையைச் சுருட்டிக் கொஞ்சம் காற்றடைத்து நோயாளியின் உள்ளங்கையில் கொடுத்து அமுக்கச் சொன்னால், அமுக்கும் பலத்துக்கு ஏற்றபடி பாதரசம் ஏறும். பிடியின் பலம் கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். அதில் பொய் இல்லை.

பொய் பலகையில் இருந்தது. எலும்பு முறிவுக்கு வைத்திருந்த மரச் சிம்பை எடுத்து நானே செய்தேன். முன்னங்கையை அதன்மேல் குப்புற வைத்து வாரால் கட்ட வேண்டும். பலகையின் முனை சரிவாக இறங்கும். கை அந்தச் சரிவில் தொங்கும், புறங்கையில் இன்னொரு வார் அதை மேலே எழும்ப விடாது. மணிக்கட்டு நன்றாக வளைந்து நிற்கும். அந்த நிலையில் யார் அமுக்கினாலும் பாதரசம் சோம்பலாக எழுந்து சோம்பலாக உட்காரும். யாரும் நடிக்க வேண்டாம். லயத்து ஆளுக்கு நடிக்கத் தெரியாது, நடித்து மாட்டினால் கழுத்து போகும். இதில் அவன் முழுப் பலத்தையும் போட்டே தோற்பான்.

எல்லாருமே தோற்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அதற்கும் வழி வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே கொடுக்க ஒரு பஞ்சுப் பொட்டணம் தைத்தேன். அதை வைத்துப் புறங்கை வாரைத் தளர்த்தினால் மணிக்கட்டு நிமிர்ந்துகொள்ளும், பலம் வந்துவிடும். யாருக்குப் பொட்டணம், யாருக்கு இல்லை என்பதை நான் தீர்மானிப்பேன். லயத்தில் வேலைக்கு லாயக்கான ஆண்கள் பதினெட்டுப் பேரில் கல்யாணமாகாத ஆறு பேருக்கு வைப்பது என்றும் குடும்பக்காரர் பன்னிரண்டு பேருக்கு வைப்பதில்லை என்றும் முடிவுசெய்தேன். அந்த ஆறு பேரைக் கேட்டா முடிவுசெய்தேன்? யாரையும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

பன்னிரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பயம் ஒரு காரணம். சின்னப்பன் காதில் விழுந்தால் என் தலை தப்பாது. ஆனால் பயத்தை விடப் பெரிய காரணம் பழக்கம். டிரெஸர் சொல்லமாட்டார். மருந்தைக் கொடுத்துக் “குடி” என்பார். ஊசியை எடுத்துக் “காட்டு” என்பார். என்ன மருந்து, எதற்கு என்று எவனாவது கேட்டால், “சொன்னா ஒனக்குப் புரியுமா?” என்பார். நான் அப்படித்தான் பேசினேன், என் வயது டிரெஸர்கள் எல்லாருமே அப்படித்தான் பேசினோம். ஆளைக் காப்பாற்றுவது என் வேலை, காப்பாற்றப்படுவது அவன் வேலை, இதில் பேச்சு எதற்கு என்ற நினைப்பு.

4. சோதனை

நாலாம் நாள் அதிகாரி சொன்னபடி வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மேசை போட்டு, பாதரசப் பெட்டியும் பலகையும் வைத்திருந்தேன். அவன் பெட்டியை ஆசையாகப் பார்த்தான். கண்ணாடிக் குழாயில் ஓர் உயரத்தில் சிவப்பு நூலைத் தானே கட்டினான். நூலைத் தாண்டினால் குவாட், லாரிக்குப் போக வேண்டும். தாண்டாவிட்டால் திடாக் குவாட், அதாவது பலமில்லாதவன், லயத்துக்குப் போகலாம்.

வேலிக்கு அப்பால் பெண்கள் நின்றார்கள். வீராசாமியின் மனைவி லெச்சுமி ஏழு மாத வயிற்றோடு வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரியம் நான் நினைத்தபடியே நடந்தது. பதினேழு பேர் முடிந்தார்கள். ஆறு பேர் நூலைத் தாண்டினார்கள், பதினொரு பேர் தாண்டவில்லை. தாண்டாதவர்கள் ஓரமாக நின்று, தங்கள் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மாரிமுத்து என்பவன் கையெடுத்துச் சாமி கும்பிட்டான்.

கடைசியாக வீராசாமி வந்தான். காண்டா கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டித் தோளில் வைத்தால், மேட்டுக்காட்டிலிருந்து ஸ்டோர்வரை இறக்காமல் வருகிற ஆள். கிழங்கு தின்று இளைத்திருந்தாலும் முன்னங்கைச் சதை மட்டும் அப்படியே இருந்தது. பலகையில் கையை வைத்துக் கட்டினேன், பட்டையைக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான். பாதரசம் நூலுக்கு வெகு கீழே நின்றுவிட்டது.

அதிகாரி “திடாக் குவாட்” என்றான்.

சின்னப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்னடா வீராசாமி, ரெண்டு வாளி தூக்குற கையி! இப்பப் பாத்தா பச்சப்புள்ள கையாட்டம் இருக்கு. வீட்டுல அந்தப் பொண்ணு என்னா செய்யிறா உன்ன வச்சிக்கிட்டு?”

ஓரமாக நின்ற பதினொரு பேரும் சிரித்தார்கள். தப்பித்த சந்தோஷத்தில் வந்த சிரிப்பு அது, கெட்ட எண்ணம் இல்லை. வேலிப் பக்கமும் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. வீராசாமியின் முகம் கறுத்துப்போனது. தன் கையைத் தானே அந்நியன் கையைப் போலப் பார்த்தான்.

“ஐயா, இன்னொருவாட்டி பாக்கச் சொல்லுங்கய்யா. இந்தப் பலவ கோணலா இருக்கு. கை சரியா நிக்கல.”

“போதும், போ” என்றேன்.

“இல்லங்கய்யா, என் பலம் எனக்குத் தெரியாதா? ஒரே ஒருவாட்டி.”

“சொன்னா கேளு. போடா!” என்று அதட்டினேன்.

அந்த நேரத்தில் என் கண்ணைப் பார்த்து அவன் எதையாவது புரிந்துகொண்டிருக்கலாமே என்று பல வருடம் அவன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். என் கண்ணில் என்ன இருந்திருக்கும்? தினமும் இருப்பதுதான் இருந்திருக்கும். டிரெஸர் அதட்டுகிறார், அவ்வளவுதான்.

வீராசாமி வாரை இடது கையால் அவிழ்த்தான். கையைப் பலகையிலிருந்து எடுத்து, மணிக்கட்டை நிமிர்த்தி, பட்டையை ஓர் அமுக்கு அமுக்கினான். பாதரசம் சிவப்பு நூலைத் தாண்டிக் குழாயின் உச்சிக்குப் பாய்ந்தது.

“பாத்தியா?” என்று சின்னப்பனிடம் சொன்னான். பிறகு வேலிப் பக்கம் திரும்பி லெச்சுமியைப் பார்த்துச் சிரித்தான்.

அதிகாரி எழுந்தான். பாதரசத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். தன் கையைப் பலகைமேல் வைத்து என்னைக் கட்டச் சொன்னான். கட்டினேன். அமுக்கினான், ஏறவில்லை. அவிழ்த்துவிட்டு நிமிர்த்தி அமுக்கினான், ஏறியது. இரண்டாம் தடவையும் செய்து பார்த்தான்.

“இந்தப் பலகையைச் செய்தது யார்?” என்று கேட்டான்.

“இங்கிலீஷ்காரன் ஆஸ்பத்திரிப் பலகை, துவான். பழசு” என்றேன்.

இப்படியொரு பொய் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவன் நம்பினானா என்றும் தெரியாது. இங்கிலீஷ்காரன் செய்ததெல்லாம் கோணல்தான் என்று எதையோ சொல்லி, என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டு, பலகையை முழங்காலில் வைத்து உடைத்தான். அவனுக்குப் பெரிய கோபம் இல்லை. ஆறு பேரை எதிர்பார்த்த இடத்தில் இன்னும் பல பேர் கிடைக்கப்போகிறார்களே, கோபம் எதற்கு?

பன்னிரண்டு பேரையும் மறுபடி நிறுத்தினான். இந்தத் தடவை பலகை இல்லை. அத்தனை பேரும் நூலைத் தாண்டினார்கள். அன்று பிற்பகலே பதினெட்டுப் பேரும் லாரியில் ஏறினார்கள். சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் சாமான் ஏற்றும் ரயில்பெட்டி காத்திருந்ததாம்.

லாரி கிளம்பும்போது வீராசாமி முஷ்டியை உயர்த்தி லெச்சுமிக்குக் காட்டினான். மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று அவன் நம்பியிருக்க வேண்டும்.

5. பைப்படி

பலகையில் சூது இருந்தது என்பது லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் கண்டது இதைத்தான்: பன்னிரண்டு பேரை ஆண்டவன் காப்பாற்றிவிட்டான், வீராசாமி வீம்புக்கு மெசினைச் சரிபண்ணிக் காட்டி எல்லாரையும் மாட்டிவிட்டான்.

வீராசாமி கையில் கிடைக்கவில்லை. லெச்சுமி கிடைத்தாள்.

பைப்படியில் அவள் வாளியை வைத்தால் மற்ற வாளிகள் நகர்ந்துவிடும். “ஒம்புருசன் பலத்தக் காட்டுறதுக்கு எங்க தாலிதான் கெடச்சிச்சா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அவள் எல்லாரும் பிடித்து முடித்தபிறகு பிடித்துக்கொண்டு போவாள். ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பைப்படி தெரியும். நான் தினமும் பார்த்தேன்.

பிரசவத்துக்கு ஒரு பெண்கூடத் துணைக்கு வரவில்லை. நானே தண்ணீர் காய்ச்சி, நானே பார்த்தேன். பெண் குழந்தை, நோஞ்சானாக இருந்தாலும் உயிரோடு பிறந்தது. மறுநாள் நடுப்பகலில் நான் மருந்து கொடுக்கப் போனபோது அவள் கேட்டாள்.

“ஐயா, நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அவரு செஞ்சது தப்பாங்கய்யா?”

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது. அறையில் நாங்கள் இரண்டு பேரும் குழந்தையும்தான். சொன்னால் இவள் சும்மா இருப்பாளா, பைப்படியில் சொல்லிவிட்டால் சின்னப்பன் காதுக்குப் போகாதா என்று கணக்குப் போட்டேன். நியாயமான பயம்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது பயத்தின் வார்த்தையாக இல்லை, பழக்கத்தின் வார்த்தை.

“மருந்தக் குடி” என்றேன்.

குடித்தாள். அப்புறம் அவள் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

ஜப்பான்காரன் சரணடைந்தான். சின்னப்பன் எங்கோ தலைமறைவாகிவிட்டான். பயப்பட இனி ஆள் இல்லை. அப்போதாவது சொன்னேனா? இல்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். பயம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. லெச்சுமி கடைசி ஆளாகத்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் நடக்கத் தொடங்கி அம்மாவின் சேலையைப் பிடித்தபடி கூட நின்றாள்.

6. மாரிமுத்து சொன்னது

பதினெட்டுப் பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மாரிமுத்து ஒருவன். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது குந்தவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். பெரிபெரி வந்த தொடையைப் பார்க்கும் வழி அது. கீழே உட்காரும்போது சதைக்குச் சுமையைத் தாங்கிக்கொண்டே நீண்டுகொடுத்தால் போதும், அதற்குக் கொஞ்சப் பலம் இருந்தாலும் சமாளிக்கும். எழும்போது அதே சுமையைச் சுருங்கித் தூக்க வேண்டும். அங்கேதான் குட்டு வெளிப்படும். மாரிமுத்து நன்றாகவே குந்தினான். எழ முடியவில்லை. நான் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன்.

தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்ததும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினான்.

“ஐயா, அந்தப் பலவ நீங்க செஞ்சதுதானே?”

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன்.

“எங்களுக்குத் தெரியுங்கய்யா. ரயில்ல தெரிஞ்சிச்சு. அவன் வீராசாமி, பொட்டியில ஏறுனதுலருந்து கையப் பாத்துக்கிட்டே இருந்தான். ஏன் அப்ப அமுக்க முடியல, ஏன் இப்ப முடியுதுன்னு ஒரே ரோதன. மடக்கிப் பாக்குறான், நீட்டிப் பாக்குறான். மூணாவது நாளு எங்க ஒவ்வொருத்தன் கையையும் வாங்கி மடக்கி அமுக்கச் சொன்னான். எவனுக்கும் பிடி நிக்கல. அப்பதான் புரிஞ்சிச்சு. ‘டிரெஸரு நம்மளக் காப்பாத்தத்தான்டா பாத்திருக்காரு, நான்தான் கெடுத்துப்புட்டேன்’னு தலையில அடிச்சிக்கிட்டு அழுதான்யா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா? அங்க போயி எங்க மண்ணுக்கூடையெல்லாம் அவனே தூக்குனான். வேணாம்டான்னு சொன்னாக் கேக்கல. உங்களுக்கு நான் கடன்பட்டவன்னான். ரெண்டாளு வேல, ஓராளு சோறு. எவ்வளவு நாளைக்கு ஓடும்? அந்தக் கை, உங்களுக்குத் தெரியுமே, அந்தக் கை வெறும் எலும்பாப் போச்சு. வயித்தாலப் போயிச் செத்தான். நான்தான் மண்ணத் தள்ளுனேன்.”

உணவு இல்லாமல் வேலை வாங்கினால் உடம்பு தன் சதையையே எடுத்து எரித்துக்கொள்ளும். பாடமாக எனக்கு அது தெரியும். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது அந்தப் படிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வீராசாமிக்கு ஒரு டிரெஸரும் பாடம் சொல்லவில்லை. தன் கையை வைத்து, மூன்று நாளில், ரயில்பெட்டிக்குள் அவனே கண்டுபிடித்தான். சொன்னால் ஒனக்குப் புரியுமா என்று நான் கேட்டது இவனைப் போன்ற ஆட்களைத்தான்.

7. அரை நிமிடம்

மறுநாள் காலை லெச்சுமியின் வீட்டுக்குப் போனேன். டிரெஸர் லயத்துக்குள் வந்தால் யாருக்கோ சீரியஸ் என்று அர்த்தம். அவள் பயந்து எழுந்து நின்றாள். மாரிமுத்து வந்த செய்தியில் வீராசாமி இல்லை என்பது அவளுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது.

“கையக் காட்டு” என்றேன். பழக்கத்தில் நீட்டினாள். உடனே நான் நிறுத்திக்கொண்டு, “இல்லம்மா. எதுக்குன்னு சொல்லிட்டுக் கேக்கறேன்” என்றேன். என் வாழ்நாளில் ஒரு நோயாளியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நோயாளிகூட இல்லை.

சொன்னேன். பிடியைப் பற்றி, பலகையைப் பற்றி, பஞ்சுப் பொட்டணத்தைப் பற்றி, எல்லாவற்றையும். என் இரண்டு விரலைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். தண்ணீர் சுமந்து காய்த்த கை, நன்றாகவே வலித்தது. பிறகு அவள் மணிக்கட்டை வளைத்து அமுக்கச் சொன்னேன். பிடி கழன்றது. அவள் தானாகவே மறுபடி செய்து பார்த்தாள். நிமிர்த்தி ஒரு தடவை, வளைத்து ஒரு தடவை. ரயில்பெட்டியில் அவனும் இப்படித்தான் பார்த்திருப்பான்.

“இவ்வளவுதானா?” என்று கேட்டாள்.

“இவ்வளவுதாம்மா.”

“இதச் சொல்ல இப்ப எவ்வளவு நேரம் ஆச்சுங்கய்யா?”

“அரை நிமிசம் இருக்கும்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. வாளியை எடுத்தாள், மகளை இடுப்பில் வைத்தாள். “வாங்க” என்றாள். அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன்.

பைப்படியில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் அந்த லாரியில் போனவர்களின் மனைவிகள். “ஐயா உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம்” என்று சொல்லிவிட்டு லெச்சுமி ஒதுங்கி நின்றாள். நான் சொன்னேன். வீராசாமி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, அவனுக்கு விஷயம் தெரியாது, தெரிவிக்காதவன் நான் என்று சொன்னேன். யாருக்குப் பொட்டணம் என்று தீர்மானித்ததும் நான்தான் என்றேன். கல்யாணமாகாத ஆறு பேரில் இரண்டு பேருடைய அம்மாக்கள் அங்கே நின்றார்கள்.

தண்ணீர் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒருத்தி தன் வாளியை நகர்த்தி, லெச்சுமியின் வாளியை வாங்கிப் பைப்புக்குக் கீழே வைத்தாள்.

“ஏதாவது கேளுங்கம்மா” என்றேன். “திட்டுறதுன்னாலும் திட்டுங்க.”

மகனைச் சயாமில் விட்ட ஒரு தாய் என்னை நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னாள்.

“உங்களத் திட்டிட்டு நாங்க எங்கங்கய்யா போறது? நாளைக்குக் காச்சல்னா மருந்துக்கு உங்ககிட்டதானே வரணும்.”

அதன்பின் முப்பது வருடம் பல தோட்டங்களில் வேலை பார்த்தேன். ஊசியோ கட்டோ மாத்திரையோ, கை வைக்கும் முன் என்ன செய்யப்போகிறேன், எதற்குச் செய்கிறேன் என்று அவரவர் பேச்சில் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களையும் சொல்லவைத்தேன். நேரமாகிறது, வரிசை நீள்கிறது என்று அவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நம்முன்னால் கையை நீட்டுகிற ஆளுக்கு நம்மைத் திட்டும் வசதிகூடக் கிடையாது. அவன் கேட்கமாட்டான். நாம்தான் சொல்ல வேண்டும்.